மகளின் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்காக டெல்லியில் நான் அலைந்த கதை

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டில் அதுவரை துப்பாக்கி சுடுதல் என்றால் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன்தான். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் (முட்டி போட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையிலும் சுடும் போட்டி) வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததும், "அம்மா, நானும் அம்பதுக்கு மாறப்போறேன்" என்று பிடித்துக்கொண்டாள். ரைஃபிள் கிளப்புடையது. ஜாக்கெட்டை சீனியர் அக்கா ஒருத்தி கொடுத்துவிட்டாள். தோட்டாச் செலவுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். தூரத்து டார்கெட்டில் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று ஒரு சாமான் வேண்டும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னபோதும், "ஒரு ஸ்கோப் வாங்கிடுங்க மேடம்" என்று ஒரே வரிதான். அந்த ஒரு வரியால் எனக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் தண்டம், ஒரு கோடைக்காலம் முழுக்க அலைச்சல். கணவருக்கு வேலை சென்னையில், நான் டெல்லி ஆர்.கே.புரத்தில் அலுவலகம், வீடு, ரேஞ்ச் என்று ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. போனில் கேட்டால், "கடைக்காரன்கிட்ட கேட்டு நல்லதா வாங்கு" என்பார் அவர். கடைக்காரன்கிட்ட கேட்டதுதான் இந்தக் கதையே.

முதலில், இது யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் சுடுகிறவர்களுக்குத் தேவையே இல்லை. டார்கெட் அட்டை ஓடுகம்பியில் கைக்கே வந்துவிடும், இல்லாவிட்டால் திரையில் எண் வரும். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்த துக்ளகாபாத் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் போன்ற இடங்களில் 50 மீட்டருக்கும் எலக்ட்ரானிக் டார்கெட் உண்டு. சுட்ட மறுநொடி பக்கத்துத் திரையில் புள்ளி தெரியும். பிரச்சினை எங்களைப் போல் சின்ன கிளப்பில், காகித டார்கெட்டில் பயிற்சி எடுப்பவர்களுக்குத்தான். 50 மீட்டர் தள்ளி ஒட்டிய தாளில் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாமல் அடுத்ததைச் சுடுவது தோட்டாவை வீணடிப்பது. ஒவ்வொரு முறையும் நடந்து போய்ப் பார்க்கவும் முடியாது, மற்ற லேன்களில் சுட்டுக்கொண்டிருப்பார்கள். 25 மீட்டர் பிஸ்டல் என்றால் ஒரு நல்ல 10×50 பைனாகுலரை டிரைபாடில் வைத்தாலே பெரும்பாலும் போதும். அவர்கள் இந்தச் செலவுக்குள் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஆன்லைனில் வெறுமனே ஸ்கோப் என்று தேடினால் துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கிகள்தான் வரிசையாக வரும். அது வேறு சாமான். ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிகளில் அதைப் பொருத்திச் சுட அனுமதி கிடையாது, துளை வழியாகக் குறிபார்க்கும் சாதாரண சைட்தான். நமக்கு வேண்டியது துப்பாக்கியைத் தொடாமல் பக்கத்தில் தனியாக நிற்கும் குட்டித் தொலைநோக்கி.

சரி, கடைக் கதைக்கு வருகிறேன். பழைய டெல்லியில் கேமரா சாமான் விற்கும் ஒரு கடை. எடுத்து நீட்டியது 20-60×80. முதல் இரண்டு எண்கள் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, கடைசி எண் முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். "அறுபது மடங்கு மேடம், எறும்பு போனாலும் தெரியும்" என்றார் இந்தியில். கடை வாசலிலிருந்து எதிர் வரிசை போர்டைப் பார்க்கச் சொன்னார். எழுத்து, எழுத்தில் உரிந்த பெயின்ட் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. 6,800 ரூபாய், டிரைபாடும் பையும் இலவசம். எனக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் வைத்துப் பார்த்தால், 60 மடங்கில் டார்கெட் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. 20 மடங்குக்கு இறக்கினால் வெள்ளைப் பகுதியில் விழுந்த துளைகள் தெரிந்தன, கறுப்பில் விழுந்தவை தெரியவே இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 112.4 மி.மீ. விட்டம். நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மி.மீ. குண்டு போடும் துளை 5.6 மி.மீ. கொஞ்சம் சுடத் தெரிந்த பிள்ளைக்கே ஏறக்குறைய எல்லாக் குண்டும் கறுப்புக்குள்தான் விழும். கறுப்புத் தாளில் கறுப்பாகத் தெரியும் துளையைப் பிரித்துக் காட்டுவதுதான் ஸ்கோப்புக்குப் பரீட்சை. கடை போர்டில் வெள்ளை மேல் சிவப்பு எழுத்தைப் படிப்பதில் எந்தப் பரீட்சையும் இல்லை, ஐந்நூறு ரூபாய் பைனாகுலரும் படித்துவிடும். ஆகவே கடைக்குப் போகும்போது சுட்ட பழைய டார்கெட் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போங்கள். தெருக்கோடியில் யாரையாவது பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, நிழலில் வைத்து, கறுப்புக்குள் இருக்கும் துளைகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், சாந்தினி சௌக்கில் யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் ஸ்கோப்போடு மல்லுக்கட்டுவதை வேலூர்ப் பக்கத்து ரிட்டயர்ட் ஹவில்தார் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பேரனை ரேஞ்சுக்குக் கூட்டி வருபவர். "அம்மா, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, கண்ணை வைக்காமல், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தைப் பார்த்துத் திருப்பினார். சூரியன் இருக்கும் பக்கம் அல்ல. சூரியனை நோக்கி எந்தக் கண்ணாடியையும் திருப்பக் கூடாது, கண் போய்விடும். ஐபீஸ் நடுவில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. என் கைப்பையிலிருந்த பில்லை அதன் பின்னால் பிடித்துப் பொட்டு கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்தி, பேரனின் ஸ்கேலை வைத்தார். இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். "எண்பதை இருபதால வகுத்தா எவ்வளவும்மா? நாலு வரணும். இங்க ரெண்டேகால்தான் இருக்கு."

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அந்த வெளிச்சப் பொட்டின் அளவு வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. 20 மடங்கு என்பதாவது நிஜம் என்று வைத்துக்கொண்டால், என் 80 மி.மீ. ஸ்கோப்பில் உண்மையில் வேலை செய்தது 45 மி.மீ. கண்ணாடிதான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் வைத்து ஓரத்தையெல்லாம் அடைத்திருந்தார்கள். மட்டமான லென்ஸின் ஓரம் மங்கலாகத் தெரியுமே, அதை மறைக்கும் ஏற்பாடு. பொட்டின் வடிவத்தையும் காட்டினார். முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பிரிஸம் மலிவுக் கண்ணாடி என்றால் அப்படி வரும். பாக்-4 என்ற கண்ணாடியில் பொட்டு ஒழுங்கான வட்டமாக இருக்கும். பெட்டி மேல் பாக்-4 என்றுதான் அச்சிட்டிருந்தது!

அடுத்த சனிக்கிழமை கடைக்குக் கொண்டு போனேன். "பெட்டி திறந்தாச்சு, ரேஞ்சுக்கெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு, இனி எப்படி வாங்கறது?" என்றார். பெட்டியைத் திறக்காமல் ஒரு ஸ்கோப்பை எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, டீ வேண்டுமா என்று கேட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். கையில் இருந்த பில்லில் "ஆப்டிகல் ஐட்டம்" என்று மட்டும் எழுதியிருந்ததால் விவகாரம் நகரவே இல்லை. மாடல் பெயர், 20-60×80 என்ற எண், இத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற வாசகம், மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஆன்லைன் என்றால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள். மாற்றித் தருவதாக மட்டும் போட்டிருக்கிறதா, பணமே திரும்ப வருமா என்பதையும் வாங்கும் முன்பே படியுங்கள். மாற்றினால் அதே குப்பைதான் புதுப் பெட்டியில் வரும்.

இரண்டாவது அடி வெளிநாட்டு இணையக் கடையில். 11,000 ரூபாய்க்கு நல்ல பெயருள்ள 65 மி.மீ. ஸ்கோப் இருந்தது, ஆர்டர் போட்டேன். பார்சல் சுங்கத்தில் நின்றது. காரணம் இன்வாய்ஸில் விற்றவர் எழுதிய "ஷூட்டிங் ஸ்கோப்" என்ற இரண்டு சொற்கள். சுங்க அட்டவணையில் பைனாகுலர், தொலைநோக்கி எல்லாம் 9005 என்ற தலைப்பில் வரும். துப்பாக்கியில் பொருத்தும் சைட் 9013. ஷூட்டிங் என்ற சொல்லைப் பார்த்ததும் எந்தத் தலைப்பு, ஆயுத உரிமம் இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. கூரியர் நிறுவனம் தினம் ஒரு காகிதம் கேட்டது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவர்களோடு போனிலேயே போயிற்று. பொருளின் படம், கம்பெனி விவரத் தாள், ரைஃபிளில் மாட்டும் வசதி இதில் கிடையாது என்ற கடிதம் என எல்லாம் அனுப்பியும் கெடு தாண்டிவிட்டது, பார்சல் திரும்பிப் போனது. பொருளின் விலை திரும்ப வந்தது, ஷிப்பிங்கும் கையாளும் கட்டணமுமாக 3,200 போனது போனதுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டும் என்றால், "பறவை பார்க்கும் தொலைநோக்கி, கண்ணால் பார்ப்பதற்கு மட்டும்" என்ற மாதிரி, பொருள் உண்மையில் என்னவோ அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பறவை பார்ப்பவர்களும் இதையேதான் வாங்குகிறார்கள், அதனால் அது பொய்யும் இல்லை. என்னைக் கேட்டால் சுங்க வரியையும் சேர்த்தால் மிச்சப்படும் தொகைக்கு அந்த மன உளைச்சல் தகாது.

இதற்குப் பிறகு பணத்தைத் தொடுவதற்கு முன் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கிளப்பில் யார் யாரிடம் என்ன ஸ்கோப் இருக்கிறதோ எல்லாவற்றிலும், அனுமதி கேட்டு, ஒரே டார்கெட்டைப் பார்த்தேன். மே மாத மதியம், டெல்லி வெயில், தரையிலிருந்து அனல் கிளம்பும் நேரம். அந்த ஒரு மதியம் எந்தக் கடைக்காரனும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. யாருமே 60 மடங்கில் பார்ப்பதில்லை. எல்லோருடைய ஸ்கோப்பும் 20-க்கும் 30-க்கும் நடுவில்தான் நின்றது. கணக்கும் அதையே சொல்கிறது. 50 மீட்டரில் இருப்பதை 25 மடங்கில் பார்த்தால் 2 மீட்டர் தூரத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம். 2 மீட்டரில் 5.6 மி.மீ. துளை தெரியாதா என்ன? அதற்கு மேல் மடங்கைக் கூட்டினால் வெளிச்சம் குறைகிறது (60 மி.மீ. லென்ஸில் 60 மடங்கு என்றால் வெளிச்சப் பொட்டு ஒரே ஒரு மி.மீ.தான்), பார்வைப் பரப்பு சுருங்குகிறது, அனல் அலையும் சேர்ந்து பெரிதாகிறது, காற்றில் ஸ்டாண்ட் நடுங்குவதும் பெரிதாகிறது. நவம்பர் புகைமூட்டத்தில் கேட்கவே வேண்டாம், மடங்கைக் கூட்டினால் புகைதான் பெரிதாகத் தெரியும். மலிவு ஸ்கோப்பை விற்பவர்கள் 60, 75 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது, அந்த எண்ணைக் கூட்டுவதுதான் அவர்களுக்கு மலிவு என்பதால். நல்ல கண்ணாடிக்கும், ஒளி தெறித்து வீணாகாமல் இருக்க அதன் மேல் பூசும் பூச்சுக்கும்தான் செலவு பிடிக்கும். "கோட்டட்" என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்றால்தான் காற்றைத் தொடும் எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு.

கண்ணாடி போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐபீஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழு வட்டமும் தெரிகிறது என்பதை ஐ ரிலீஃப் என்பார்கள். 15 மி.மீ.க்குக் குறைந்தால் மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பவருக்குச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுதான் தெரியும். என் மகள் சுடும்போது ஷூட்டிங் கிளாஸ் போடுகிறாள், அதைக் கழற்றிக் கழற்றி மாட்ட முடியாது. ஜூம் ஐபீஸ்களில் இந்த அளவு மடங்குக்கு மடங்கு மாறும் என்பதால், பெட்டியில் போட்ட எண்ணை நம்பாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே பாருங்கள்.

நேர் ஸ்கோப்பா, 45 டிகிரி வளைந்த ஸ்கோப்பா என்பதில் கடைக்காரர்கள் "உங்க இஷ்டம்" என்பார்கள். படுத்துச் சுடும் பிள்ளைக்கு இதில் இஷ்டமே இல்லை, வளைந்ததுதான். வலது கைக்காரி படுத்திருக்கும்போது இடது முழங்கை தரையில் ஊன்றியிருக்கும். அந்த முழங்கை அசைந்தால் அமைத்த நிலையெல்லாம் போயிற்று. ஸ்கோப்பை ரைஃபிளுக்கு இடப்பக்கம், ஐபீஸ் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வருமாறு வைத்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும். நடுவில் ஒரு வளையத்தைத் தளர்த்தி ஸ்கோப்பை அப்படியே உருட்டித் திருப்பும் வசதியும் இருந்தால் ஐபீஸை அவள் முகம் இருக்கும் பக்கம் சாய்க்கலாம். கடையில் நான் நின்றுகொண்டு பார்த்தபோது இதெல்லாம் தெரியவே வழியில்லை. பிள்ளையைக் கூட்டிப் போய், கடைத் தரையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாவது கடையில் நாங்கள் அப்படியே செய்தோம். கடைப் பையன் சிரித்துக்கொண்டே ஃபேனைத் திருப்பி வைத்தான்.

கடைசியில் வாங்கியது செலஸ்ட்ரான் அல்டிமா 65. 18-55 மடங்கு, வளைந்த ஐபீஸ். இருபதாயிரத்துக்குள் முடிந்தது. இதுதான் உலகத்தில் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஓரங்களில் லேசாக ஊதா நிறம் பிசிறடிக்கிறது, 40 மடங்குக்கு மேல் மங்குகிறது. ஆனால் 25-இல் கறுப்புக்குள் இருக்கும் துளை துளையாகத் தெரிகிறது, எங்களுக்கு அது போதும். 80 மி.மீ. அண்ணனை வாங்கலாமே என்று கோச் கேட்டார். 50 மீட்டருக்கு அந்தக் கூடுதல் எடையும் விலையும் எதற்கு? 300 மீட்டர் சுடப் போகிறவர்கள் யோசிக்கட்டும்.

ஸ்கோப்புக்கே எல்லாக் காசையும் போட்டுவிடாமல் ஸ்டாண்டுக்கு ஒதுக்குங்கள். இதை அடித்துச் சொல்வேன். இலவசமாகக் கிடைத்த டிரைபாட் படுத்திருக்கும் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்காது, அதன் கால்கள் பாயின் மேல் ஏறி முழங்கையில் இடிக்கும், மெல்லிய காற்றுக்கே ஆடும். வெளிநாட்டு ஷூட்டிங் ஸ்டாண்டின் விலையைப் பார்த்ததும் நான் சாவ்ரி பஜார் போய்விட்டேன். கனமான இரும்புத் தட்டு ஒன்று, அதில் மரை வெட்டித் திருகிய ஒரு கம்பி. பெயின்ட் அடித்து வாங்கியதற்கு 1,400 ரூபாய். கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப்பும் ஸ்கோப்பை எந்தப் பக்கமும் சாய்த்து இறுக்கும் சின்ன பால் ஹெட்டும் கூச்சா சௌத்ரி கேமரா சந்தையில் கிடைத்தன. ஸ்கோப்பின் அடியில் இருப்பது கேமராக்களில் உள்ள அதே கால் அங்குல மரை, ஆகவே எந்தப் பால் ஹெட்டும் உட்காரும். நின்றும் முட்டி போட்டும் சுடும்போது கம்பியை நீட்டிக்கொள்ள இன்னொரு துண்டு செய்துகொண்டோம். இத்தனைக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு தாண்டவில்லை. முதல் மலிவு ஸ்கோப்பை இந்த ஸ்டாண்டில் வைத்திருந்தால் அதுவே கொஞ்சம் சுமாராகத் தெரிந்திருக்கும்!

ஸ்கோப் வந்த பிறகு ஹவில்தார் ஐயா சொல்லிக் கொடுத்த ஒரு உபயோகம், எலக்ட்ரானிக் டார்கெட்டில் சுடுபவர்களுக்கும் பயன்படும். "பாப்பா, டார்கெட்டுக்கு ஃபோகஸ் வச்சுட்டு, அப்புறம் பாதித் தூரத்துக்குக் கொண்டா" என்றார். டார்கெட் கொஞ்சம் மங்கி, நடுவே அனல் அலைகள் ஓடுவது தெரிந்தது. அலை இடமிருந்து வலம் ஓடினால் காற்றும் அந்தப் பக்கம். நேரே மேலே கொதித்துக்கொண்டு நின்றால் காற்று நின்றிருக்கிறது, அல்லது திசை மாறப் போகிறது. அப்போது அவசரப்பட்டுச் சுடாதே என்றார். காற்றைப் பார்க்க ரேஞ்சில் கட்டிய கொடி படபடப்பதற்கு முன்பே அலை காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதற்கும் 25 மடங்கே போதும், 55-இல் வைத்தால் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கிறது. துளை தெரியவில்லை என்றால் ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் டார்கெட் பலகையையும் பாருங்கள். தாளுக்குப் பின்னால் இருப்பது கறுப்பாக இருந்தால் துளையும் கறுப்பு. பின்னால் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால், வெளிச்சம் படும் கோணத்தில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பராமரிப்பில் டெல்லிக்கென்று இரண்டு தொல்லைகள். கோடையில் ஆந்தி என்னும் புழுதிப் புயல் அடித்தால் லென்ஸ் மேல் மண் படியும். அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தால் பூச்சு கீறல் விழுந்து போகும். முதலில் ரப்பர் ப்ளோவரால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியாகத்தான் துணி. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் பீரோவில் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், பிடித்துவிட்டால் சுத்தம் செய்ய ஸ்கோப் விலையில் பாதி கேட்பார்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். நீல மணிகள் ரோஸ் நிறமானால் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள், நான் அதற்கென்றே ஒரு பழையதை எடுத்து வைத்திருக்கிறேன்.